கட்டிலுக்கு அடியில்

"தூக்காத நிரஞ்சி, தள்ளு. இடுப்பு புடிச்சிக்கப் போவுது," என்றாள் கமலம், கட்டிலின் மறுபுறம் தரையோடு தரையாகப் படுத்தபடி.

நிரஞ்சனா முழங்காலிட்டு இரண்டு கைகளாலும் பேட்டரியைத் தள்ளினாள். அரிசி மூட்டையின் கனம். பலகையில் உராய்ந்துகொண்டே போய், முன்பே உள்ளே கிடந்த இன்னொரு பேட்டரியோடு முட்டி நின்றது.

"போதும். ரெண்டும் சக்கரத்துக்கு நேர் மேல வந்துருச்சு. இனிமே வண்டி ரோட்டுல ஆடாது," என்றாள் கமலம். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

செம்பவாங்கில் அங்கமுத்துவின் பட்டறைக்குப் பின்னால் வெட்டவெளியில் நின்றது, காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் அந்த வண்டி. எல்லைக்கு அப்பால் ஜொகூரில் யாரோ பயன்படுத்திக் கழித்ததை வாங்கி, கூரையில் சூரியத் தகடுகளைப் பதித்து, உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, கைகழுவ ஒரு தொட்டி என்று கமலம் அதை ஒரு வீடாக்கிக்கொண்டிருந்தாள். வேலை பார்த்த காலமெல்லாம் கிளமெண்டியில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். தினமும் அதே தெருக்கள், அதே திருப்பங்கள். ஓய்வு பெற்ற அன்றே சொல்லிவிட்டாள், இரண்டு எல்லை தாண்டி ஹாட்யாய் வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு போகப்போவதாக. கல்யாணம் செய்துகொள்ளாத அக்காவும் கணவனை இழந்த தங்கையும் ஆங் மோ கியோவில் ஒரே வீட்டில் இருந்தார்கள். அதனால் தங்கையும் போயே ஆகவேண்டும் என்பது சொல்லாமலே முடிவாகியிருந்தது.

பேட்டரிகளை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு வாரமாகச் சண்டை. முன்பக்கம் கொக்கியை ஒட்டி ஒரு பெட்டி செய்து வைத்தால் பாரம் முழுதும் கொக்கிக்கு வந்துவிடும் என்று கமலம் அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டாள். அவள் மனத்தில் இருந்தது அடுப்புக்குக் கீழே இருந்த அலமாரி. பழைய சொந்தக்காரர் கேஸ் சிலிண்டர் வைத்திருந்த இடம். பின்சுவரில் காற்று போக வெளியே திறக்கும் கம்பி வலைகூட இருந்தது.

"அப்ப என் பாத்திரத்த எங்க வைக்கிறதாம்? தலையிலயா?" என்று கேட்டிருந்தாள் நிரஞ்சனா. "இருக்கறது ஒரே ஒரு அலமாரி. அதையும் குடுத்துட்டு நான் எதுக்கு வரணும்? நீயே போய்க்கோ."

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் கமலம்தான் இறங்கி வந்தாள். "சரிலா. கட்டிலுக்கு அடியில வச்சுக்கறேன். போதுமா?"

அங்கமுத்துவும் தலையாட்டினான். "சீல்டு பேட்டரிதான்கா, ஆசிட் ஒழுகாது. இருந்தாலும் காத்துக்கு அடியில ரெண்டு ஓட்ட போட்டுடலாம். திங்கக்கெழம போட்டுத் தர்றேன்."

இன்று சனிக்கிழமை. கமலத்துக்குத் திங்கள்வரை பொறுக்கவில்லை. கம்பிகளை முடுக்கி, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும், சுவரில் இருந்த சின்னப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. உச்சி வெயில் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் குட்டி ஏர்கானைப் போட்டாள்.

"பாரு! சூரியன வச்சே குளிரு!"

நிரஞ்சனா கட்டிலில் உட்கார்ந்தாள். ஜில்லென்ற காற்று முகத்தில் பட்டது. கொஞ்ச நேரத்தில் தொடைக்குக் கீழே மெத்தை கதகதவென்று இருப்பதுபோல் தோன்றியது. கையை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இங்க சூடா இருக்கு."

"வெயில்லா. எல்லாந்தான் சூடா இருக்கு."

"ஏதோ வாடகூட வருது."

கமலம் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கோவிட் வந்து போனதிலிருந்து அவளுக்கு வாசனையே தெரியாது. குழம்பு கருகுவதையும் மல்லிகை வாடுவதையும் தங்கைதான் சொல்லவேண்டும். "எனக்கு என்ன தெரியும்? நீதானே என் மூக்கு. என்ன வாட?"

"அழுகுன முட்ட மாதிரி."

"சாக்கடையா இருக்கும்."

நிரஞ்சனா இறங்கிப் போய்ப் பார்த்தாள். பட்டறைச் சுவரோரம் கால்வாயில் கறுத்த நீர் தேங்கியிருந்தது. குனிந்து முகர்ந்தாள். அதுவும் நாறத்தான் செய்தது. அதே நாற்றமா, வேறா? உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து ஒரு ஜன்னலைத் திறந்தாள். அடுத்த பட்டறையில் இரும்பு தேய்க்கும் தூசி உள்ளே வந்தது. கமலம் எட்டிச் சாத்தினாள்.

"நீ தேக்காவுக்குப் போய்ட்டு வா. பிரியாணி வாங்கிட்டு வா, பசிக்குது. நான் கொஞ்சம் படுக்கறேன், தலைய வலிக்கற மாதிரி இருக்கு."

நிரஞ்சனா போனாள்.

சனிக்கிழமைக் கூட்டம். தேக்கா சந்தையில் மீன் கடைத் தண்ணீரை மிதித்து நடந்து, மசாலாத் தூளும் கறிவேப்பிலையும் வாங்கினாள். மாடிப்படியோரம் நின்று அக்காவுக்குக் கைப்பேசியில் அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. தூங்குகிறாள் போலும். பிரியாணிக் கடை வரிசையில் நிற்கும்போது மறுபடி அழைத்தாள். இம்முறையும் எடுக்கவில்லை. கமலம் பகலில் அப்படித் தூங்குகிறவள் இல்லை. பேருந்துக்காரிக்கு உண்டான தூக்கம், ஒரு சத்தத்துக்கே எழுந்துவிடுவாள்.

பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்த கடைக்காரர், "ரெண்டு முட்டை வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

முட்டை என்றதும் நிரஞ்சனாவுக்கு வண்டிக்குள் வந்த வாடை நினைவுக்கு வந்தது. பொட்டலத்தை வாங்காமலே வரிசையை விட்டு வெளியே வந்து டாக்சியைக் கைகாட்டி நிறுத்தினாள். வழியெல்லாம் அங்கமுத்துவுக்கு அழைத்தாள். அவன் வெளியே போயிருந்தான். "இதோ வந்துட்டேன்கா, என்னா விஷயம்?" என்றான். "சீக்கிரம் வண்டிக்கு வா," என்றாள்.

இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஏர்கான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. கால்வாய் நாற்றமே இல்லை அது. அங்கமுத்து அவளைப் பின்னால் இழுத்துத் தள்ளிவிட்டு, சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனான். கமலத்தைத் தோளைப் பிடித்து இழுத்து வெளியே சரளையில் கிடத்தினான். மூக்குக் கண்ணாடி இன்னும் முகத்தில் இருந்தது. ஒருக்களித்துப் படுத்திருந்ததில் கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வெகுநேரம் முயன்றார்கள்.

பிறகு காவல்துறை வந்தது. அர்ஜுன் என்ற இளம் அதிகாரி வண்டிக்குள் எல்லாவற்றையும் படம் எடுத்தார். கட்டிலுக்கு அடியில் பேட்டரிகள் இரண்டும் வயிறு உப்பிக் கிடந்தன. சுவரில் இருந்த பெட்டி வேறு மாதிரி பேட்டரிக்கு ஏற்கெனவே அமைத்தது, மாற்றவே இல்லை, விடாமல் ஏற்றியிருக்கிறது, சூடேறி உள்ளே இருந்த வாயு பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது என்று அங்கமுத்து சொன்னான். அதிகாரி அடுப்புக்குக் கீழே அலமாரியைத் திறந்தார். நிரஞ்சனாவின் இட்லிப் பானை, வாணலி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கிண்ணங்கள். அவற்றின் பின்னால் கம்பி வலை வழியே வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது.

"ஆன்ட்டி, பேட்டரிய அங்க வைக்கலாம்னு யாரு டிசைட் பண்ணாங்க?"

அங்கமுத்து அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அக்காதான்," என்றாள் நிரஞ்சனா.

அதிகாரி எழுதிக்கொண்டார்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடாரத் துணி கட்டி நாற்காலி போட்டார்கள். கமலம் பேருந்தில் ஏற்றி இறக்கிய பிள்ளைகள், இப்போது டை கட்டியவர்களும் கைக்குழந்தைக்காரர்களுமாக வந்தார்கள். எப்படி என்று கேட்டவர்களிடம் "தூக்கத்துலயே போய்ட்டா" என்றாள் நிரஞ்சனா. நல்ல சாவு என்று அவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கமுத்து கடைசிவரை ஓரமாகவே நின்றான். சவப்பெட்டி வண்டியில் ஏறியபோது அருகில் வந்து, "அக்கா, அந்த அலமாரியில மட்டும் வச்சிருந்தா..." என்று தொடங்கினான். நிரஞ்சனா அவனைப் பார்த்தாள். அவன் பின்னால் நகர்ந்துகொண்டான்.

மண்டாய் தகனக்கூடத்திலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு கதீஜா கஞ்சி கொண்டுவந்திருந்தாள். இருவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். காற்று திரைச்சீலைகளைத் தூக்கி அடித்தது. மழை சாய்வாக உள்ளே வந்து விழுந்தது.

"ஜன்னலச் சாத்தட்டுமா?" என்று எழுந்தாள் கதீஜா.

"வேணாம். காத்து வரட்டும்."

கதீஜா நின்று பார்த்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்தாள். தண்ணீர் தரையில் பரவி நாற்காலிக் கால்களைத் தொட்டது. செய்தித்தாள் ஒன்று ஊறிப் பளிங்கோடு ஒட்டிக்கொண்டது. கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிரஞ்சனா பாதங்களை மட்டும் மேலே தூக்கிக்கொண்டாள்.