சுருங்கிய தண்டவாளம்

அந்த வருடமும் நோர்ஹாக் ஊரின் தண்டவாளம் ஒரு பண்ணை நீளம் சுருங்கியது. கோதுமை விலையும் இறங்கியது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் இரண்டையும் ஒரே மூச்சில்தான் பேசிக்கொண்டார்கள்.

பெரிய ரயில்பாதையிலிருந்து கடைக்கோடிப் பண்ணை வரை அந்தச் சரக்குப் பாதையை விவசாயிகளே சேர்ந்து போட்டார்கள். கோதுமை போனது, நிலக்கரியும் பியானோக்களும் வந்தன, நார்வேயிலிருந்து சில மணப்பெண்களும் வந்தார்கள். பிறகு ஆளுக்கொரு லாரி வாங்கிக்கொண்டார்கள். எஞ்சினை ஓட்டியவரும் நிர்வாகம் பார்த்தவரும் செல்மர் ட்வெய்ட் ஒருவர்தான். ஒவ்வொரு அறுவடைக்கும் வீடு வீடாகப் போய், "இந்தத் தடவையாவது ரயில்ல ஏத்துங்கப்பா" என்று கெஞ்சினார். முகத்துக்கு நேரே மாட்டேன் என்பது அந்த ஊரில் அவமரியாதை. காபியை ஊற்றி, "பாக்கலாம் செல்மர்" என்பார்கள். அதே மண்ணில் பிறந்த மனிதர், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? இருந்தாலும் நம்பித் தொலைத்தார். காலிப் பெட்டிகளை நிறுத்திவைத்துக் காத்திருப்பார். சொன்னவரின் பண்ணை நீளத்துக்குப் பாதை மறுநாள் இருக்காது, ஓர் ஆணிகூட மிஞ்சாது. அரசு ஆட்கள் வந்து சாலையும் பாதையும் குறுக்கிடும் கடவில் நட்ட ரயில் பலகையைப் பிடுங்கிப்போவார்கள்.

கடைசியாக மிஞ்சியது எஞ்சின் கொட்டகைக்குப் பக்கத்துப் பண்ணை, அவர் மனைவி இங்காவின் தம்பி ஓர்லினுடையது.

"மச்சான், மாட்டேன்னு வாயத் தொறந்து சொல்லித் தொலைடா! நானும் வேற வழி பாப்பேன்ல!"

ஓர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. "எதுக்கு மாமா கோவப்படுறீங்க? கேக் சாப்பிடுங்க. பாக்கலாம்."

மறுநாள் எஞ்சினுக்கு அடியில் மட்டும்தான் தண்டவாளம் இருந்தது. பழைய இரும்பு வியாபாரி அதையும் எஞ்சினையும் விலைக்குக் கேட்டு வந்தார். செல்மர் கத்தத்தான் வாயைத் திறந்தார். "பாக்கலாம்" என்று வந்தது. காபியும் ஊற்றினார்.

"மாட்டேன்னு ஒரு வார்த்தை, அதுகூடவா வராது உங்க வாயில?" என்றாள் இங்கா.

விடிந்தபோது அந்தத் துண்டுத் தண்டவாளமும் இல்லை, எஞ்சின் அடுப்பளவுக்குச் சுருங்கியிருந்தது. பழைய அடுப்பு எப்படியும் புகைந்துகொண்டிருந்ததால் இங்கா அதைச் சமையலறையில் வைத்துக்கொண்டாள். காபி கொதித்தால் ரயில் கடவில் ஊதுவதுபோல் ஊதியது. லாரி வாங்கிய விவசாயிகள் எல்லோரும் அந்தக் காபிக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் ஓர்லின், "சர்ச் விருந்துக்கு இந்த அடுப்பைக் குடுங்க மாமா" என்றான்.

"மாட்டேன்" என்றார் செல்மர்.

தூக்கிய கோப்பைகள் அப்படியே நின்றன. எவ்வளவு தாமதமான சொல்! அதன்பிறகு அந்த அடுப்பு சுருங்கவே இல்லை.