எச்சில் படாத முடிச்சு

கடையில் தொங்கும் தூண்டில் சரத்தை நான் வாங்குவதில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே கட்டுவேன். கொக்கிகளுக்கு இரண்டு கிளை நைலான் நரம்பு, அடியில் விரல் நீள ஈயக்குண்டு. எல்லாவற்றையும் விட முக்கியமானது, ரீலின் மெல்லிய நரம்பையும் சரத்தின் தடித்த நரம்பையும் சேர்க்கும் முடிச்சு. கரையில் நின்று முழுப் பலத்தோடு வீசும்போது மொத்த அடியும் அதற்குத்தான். இறுக்குமுன் அதை எச்சிலால் நனைக்க வேண்டும். காய்ந்தபடி இழுத்தால் உரசும் சூட்டில் நரம்பு உள்ளுக்குள் செத்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

அன்று காலை முடிச்சு என் விரலில் இருந்தபோது மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என் தம்பியை நாலு பேர் எதிர்ல மட்டம் தட்டாதீங்க."

"ஒரு முடிச்சு உருப்படியா போடத் தெரியாதவனை வேற எப்படிச் சொல்றது?"

"ஆமா, உங்களுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வாய் அவளோடு மல்லுக்கட்டியது. கை வெடுக்கென்று முடிச்சை இறுக்கியது.

மாலையில் அவள் தம்பியையும் சேர்த்து மூவரும் கடற்கரைக்குப் போனோம். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலையோரமாக இடது பக்கம் நடந்தாள். மச்சான் நல்ல பலசாலி. நான் காலையில் சரம் கட்டிய தூண்டில் கோலை அவனே ஆசையாக எடுத்தான்.

"மாமா, இன்னைக்கு உங்க சரத்துல நான் வீசுறேன்."

இரண்டாவது கோலுக்குப் புது முடிச்சு போட்டு வாயில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. காலையில் நான் நனைக்கவே இல்லை.

அறுத்துவிட்டுக் கட்ட ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் அவனிடம் என்னவென்று சொல்வது? போன வாரம்தான் இதே மணலில், இதே முடிச்சுக்காக அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன்.

முதல் வீச்சு தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. 'போதும் மாப்ள, கோலைக் குடு' என்பது தொண்டை வரை வந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். விழுங்கிவிட்டேன்.

மூன்றாவது முறை உடம்பை முறுக்கி வீசினான். பட்டென்று ஒரு சத்தம். இருவரும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீரில் எதுவும் விழவில்லை.

"ஈயம் எங்க மாமா போச்சு?"

நான் அதற்குள் இடது பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன்.

அவள் ஈரமணலில் ஒருக்களித்துக் கிடந்தாள். காதுக்கு மேலே குழிந்து ரத்தம் வழிந்தது. கண் திறந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், அது என் பக்கம் திரும்பவில்லை.

மச்சான் மண்டியிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "நான்தான் மாமா... கண்ணு மண்ணு தெரியாம வீசிட்டேன். அக்காவை நானே..."

அவள் தலை என் மடியில் கனத்தது. நான் அவன் தோளில் கை வைத்தேன்.

"அழாத மாப்ள," என்றேன். "நீ என்ன, தெரிஞ்சா செஞ்ச?"