எதிர்வீட்டுக் காற்று

எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒரு மாதமாகத் திறக்கவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம் யாரோ குப்பை கொளுத்தும் புகை வந்துவிடும் என்று ஹாஜா மைதீன் இடுக்குகளில்கூடப் பழைய துணியைத் திணித்திருந்தார். மகள் சோயாவுக்கு ஏழு வயது. வீசிங்.

"வெள்ளி ராத்திரி ஆனா போதும், நெஞ்சுக்குள்ள விசிலடிக்குது சார். மறைமலை நகர்ல வீடு பார்த்துட்டேன். இங்க காத்து கெட்டதுன்னு உங்க பெட்டி சொல்லட்டும், கிளம்பிடறோம்," என்றார் ஐசக்கிடம்."

பெட்டி, காற்றிலுள்ள நுண்தூசியை அளக்கும் கருவி. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஐசக், அதை எதிர்வீட்டுக் கூடத்தில் மூன்று வாரம் வைத்தார். அளவுகள் ஏறி இறங்கும் கோடாக அவருடைய போனுக்கு வந்தன. மனைவி தபீதாள் இறந்தபிறகு அவர் வீட்டில் பேச்சு என்பதே சாயங்காலம் வரும் சோயாவின் பேச்சுதான். அவள் வீடு மாறிப் போய்விட்டால் மறுபடி சுவர்க்கடிகாரம் மட்டும்.

மூன்று வெள்ளி இரவுகளிலும் கோடு தாழ்ந்தே கிடந்தது. நாற்பதைத் தாண்டவில்லை; அறுபதுக்கு மேல் போனால்தான் கெடுதல்.

"வெள்ளி ராத்திரியெல்லாம் சுத்தமா இருக்கு, பாய்."

"அப்ப எம்புள்ள நடிக்குதா சார்?" ஹாஜா மைதீனின் குரல் உயர்ந்தது. "நல்ல பெட்டி! புள்ள இருமறது அதுக்குக் கேக்கலியா?"

ஐசக் போன் திரையை நகர்த்திக் காட்டினார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலை ஏழுக்குக் கோடு செங்குத்தாக எழுந்து நானூற்றைத் தொட்டிருந்தது.

"வியாழக்கிழமை சாயங்காலம் வீட்ல என்ன பண்றீங்க?"

கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி நஃபீசா சிரித்துவிட்டாள். "அதுதான் சார் வெள்ளி ராத்திரி! எங்களுக்குப் பொழுது சாஞ்சு மஃரிப் தொழுகையோட அடுத்த நாள் பொறந்துடும். சாம்பிராணி போட்டு யாசீன் ஓதுவோம்."

சொல்லி முடித்ததும் அவள் சிரிப்பு நின்றது. அடைத்த ஜன்னலைப் பார்த்தாள்.

"எங்க வாப்பா காலத்துலேருந்து போடற சாம்பிராணி..." என்றார் ஹாஜா மைதீன், மெதுவாக.

"அப்பல்லாம் ஜன்னல் தொறந்திருந்துச்சு," என்றாள் அவள்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஐசக்குக்குத் தோன்றியது. புகை வீட்டுக்குள்ளேதான், வெளியே ஒன்றுமில்லை என்று அவர்களே நம்பிவிட்டார்கள். இனி ஏன் வீடு மாறப்போகிறார்கள்? அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஹாஜா மைதீன் இரண்டு முறை "சார்" என்று கூப்பிட்டார்.

"இன்னொண்ணும் இருக்கு, பாய். போன செவ்வாய், புதன். நீங்க அத்தனை துணி அடைச்சும் நூத்தி நாப்பது. அது வெளிக்காத்துதான்."

"சாம்பிராணிய விட்டா சரியாயிடாதா?"

"கொறையும். சரியாயிடும்னு நான் சொல்லமாட்டேன்."

"மறைமலை நகர்?"

"அங்க ஃபாக்டரி இருக்கு. அளந்து பாக்காம தெரியாது."

ஹாஜா மைதீன் தாடியைத் தடவினார். "அந்த வீட்ல ஒரு வாரம் இத வெச்சிப் பாக்கலாமா? நல்லா இருந்தா போயிடறோம் சார். புள்ளைக்காகத்தான்."

ஐசக் எழுந்து பிளக்கைப் பிடுங்கினார். வயரைச் சிக்கில்லாமல் சுற்றி, பெட்டியை அவர் கையில் வைத்தார்.

"ஜன்னல் பக்கம் வெச்சிடாதீங்க. புள்ள தூங்கற ரூம்ல வைங்க."