கேன்டீன் வண்டி

விவாகரத்துப் பேசப் போகிற நாளிலும் பூபாலன் காரைக் கழுவித் துடைத்து, டேஷ்போர்டில் இருந்த சிலுவைக்குப் புதுசாக ஒரு பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தான். விவாகரத்து அவனுக்கு இல்லை, அவன் அக்கா ரெஜினாவுக்கு. அவள் பின் சீட்டில் உட்கார்ந்து தம்பியின் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முன் சீட்டில் அப்பா மோசஸ். திருவிடந்தையில் வண்டி ஏறியிருந்தார்கள். திருப்போரூர் தாண்டியதும் பூபாலன்தான் ஆரம்பித்தான்.

“அக்கா, வக்கீல் முன்னாடி அந்த மிலிட்டரி ஆபீசருக்கு மனு போடற பேச்ச மட்டும் எடுக்காதக்கா. மச்சான் பேஜாராயிருவாரு.”

“பேஜாரானா இன்னாடா?”

பூபாலன் கியரை மாற்றினான். காரணம் சொல்லத் தேவையும் இல்லை. அவர்கள் போய்க்கொண்டிருந்த வண்டியே மச்சானுடையது.

மச்சானுடையது என்றால் பேப்பரில். ஜெபக்குமார் பட்டாளத்தில் நாயக். மிலிட்டரி மாப்பிள்ளை வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் பாதி வீட்டு மிக்ஸியும் ஃபேனும் அவன் மிலிட்டரி கேன்டீன் கார்டில் சலுகை விலைக்கு வந்தவைதான். காரும் கேன்டீனில் எடுத்தால் சல்லிசாக வரும் என்று ஒரு லீவில், கறிச்சோற்றுக்கு நடுவே அவன் சொல்லப்போக, வீடே மயங்கிவிட்டது. ரிசார்ட்டில் வாட்ச்மேனாக நின்று அப்பா சேர்த்தது, அம்மா ரெபேக்காளின் சீட்டுப் பணம், போதாததற்கு ரெஜினாவின் நெக்லஸை விற்ற காசு. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு மாப்பிள்ளை கையில் கொடுத்தார்கள். கேன்டீனுக்குப் பணம் அவன் கணக்கிலிருந்துதான் போக வேண்டுமாம். மாப்பிள்ளையிடம் யார் ரசீது கேட்பார்கள்? யாராவது கேட்டிருந்தால் மோசஸ் கேட்டவனை அடித்திருப்பார். வண்டி வந்தது, ஆர்.சி. புக்கில் ஜெபக்குமார் பேரோடு. சில வருஷத்துக்குப் பேர் மாற்றவும் கூடாது என்றார்கள். “நம்ம வூட்டு வண்டிதான, யார் பேர்ல இருந்தா இன்னா?” என்றார் மோசஸ். மகாபலிபுரத்துக்கு வருகிறவர்களை ஏர்போர்ட்டிலிருந்து ஏற்றி வந்து, கமுக்கமாக வாடகைக்கு ஓட்டித்தான் பூபாலன் குடும்பம் நடத்துகிறான். அவன் பெண்டாட்டிக்கு இப்போது ஏழாம் மாசம்.

அதற்கப்புறம் ஜெபக்குமாரின் போன் குறைந்தது. லீவில் வந்தால் படாளம் என்கிற ஊரில் அவன் அம்மா வீட்டோடு இருந்துவிட்டுப் போய்விடுவான். மகள் கீர்த்தனாவைப் பார்க்க ஒரு சாயங்காலம் பிஸ்கட் டப்பாவோடு வருவான். கடைசியில் போனிலேயே சொல்லிவிட்டான், ஒத்துவரவில்லை, பிரிந்துவிடலாம் என்று. வேறு யாரோ ஒருத்தி இருப்பதாகப் பேச்சு. ரெஜினா விசாரிக்கவில்லை. விசாரித்து என்ன ஆகப்போகிறது? ஆனால் பிள்ளைக்கு அனுப்புகிற பணமும் நின்றபோது அவளால் பொறுக்க முடியவில்லை. லாட்ஜ் ரிசப்ஷனில் அவளோடு வேலை பார்க்கும் பிரதீபாவின் அக்கா புருஷனும் பட்டாளத்துக்காரன்தான். பிரதீபாதான் வழி சொன்னாள். உன் புருஷனின் ஆபீசருக்கு ஒரு மனு எழுதிப் போடு, விசாரித்துவிட்டு அவன் சம்பளத்திலிருந்தே உனக்கும் பிள்ளைக்கும் பிடித்துத் தருவார்கள் என்றாள். அதை வீட்டில் சொன்ன அன்று ரெபேக்காள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “கொஞ்சம் பொறுத்துக்கடி. மொதல்ல வண்டி பேர மாத்திக்கலாம். அப்பறம் இன்னாவோ எழுதிக்க.” ஊரில் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பார்கள். ரெஜினா வீட்டில் கல்யாணம் முறிவதற்கு ஆர்.சி. புக்கைப் பார்த்தார்கள்.

செங்கல்பட்டில் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில், மாடியில், வக்கீல் உலகநாதனின் அறை. இரண்டு பக்கத்துக்கும் அவர் ஒருவர்தான். ஜெபக்குமார் முன்னாலேயே வந்து விறைப்பாக உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்று மாமனாருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தான். அந்த மரியாதையைப் பார்க்க ரெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உலகநாதன் சுற்றி வளைக்கவில்லை. “கெடு வருஷம் முடிஞ்சிருச்சு, கார தம்பி பேருக்கு மாத்தித் தந்துடறாராம். அதுக்குப் பதிலா நீங்க ஜீவனாம்சம் எதுவும் கேக்க மாட்டேன், ஆபீசருக்கு மனுவும் போட மாட்டேன்னு எழுதித் தரணும். கொழந்தைக்கு அவரா இஷ்டப்பட்டு செய்வாரு.”

“கார் எங்க துட்டு சார்.”

“இருக்கலாம்மா. பேப்பர்ல எல்லாம் அவரோடது.”

ரெஜினா புருஷன் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு. யார் துட்டு?”

“நான் இல்லன்னு சொல்லலியே ரெஜி.” ஜெபக்குமார் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “எனக்கும் லோன் கீது. அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும். நான் இன்னா பண்ணட்டும், சொல்லு.”

“பாப்பாவுக்கு?”

“செய்யாம இருப்பனா?”

“அத எழுதிக் குடு.”

அவன் வக்கீலைப் பார்த்தான். ரெஜினா அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்தாள். பூபாலனின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவன் நல்லவன்தான், அதுதான் கொடுமை. கெட்டவனாக இருந்தால் போடா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். ‘நீ இன்னாம்மா சொல்ற’ என்று ஒரு ஆளாவது கேட்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். கேட்டால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம். வக்கீலும் கேட்கவில்லை. அவள் சும்மா இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மணியைப் பார்த்தார்.

“டைப் பண்ணச் சொல்றேன். நீங்க சாப்ட்டுட்டு வந்துருங்க, கையெழுத்து போட்டுடலாம்.”

கீழே வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெபக்குமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டோரம் தனியாக நின்றான். ரெஜினா பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். இவர்கள் மூன்று பேரும் ஒரு கடையில், அவன் வேறொரு கடையில் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“மச்சான், தனியா எங்க போறீங்க? ஏறுங்க, பிரியாணி சாப்ட்டு வந்துரலாம்” என்றான் பூபாலன். குரல் குழைந்தது. பேர் மாறுகிறவரை அது குழைந்துதானே ஆக வேண்டும்.

மோசஸ் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “முன்னாடி குந்துங்க மாப்ள.” பிறகு சுற்றிக்கொண்டு வந்து, மகள் பக்கத்தில் ஏறி, அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

ஜெபக்குமார் ஏறினான். கால் நீளமானவன், முட்டி டேஷ்போர்டில் இடித்தது. கையைக் கீழே விட்டு லீவரைத் தேடி இழுத்து சீட்டைப் பின்னால் தள்ளினான். அது வந்து ரெஜினாவின் முட்டியில் மோதி நின்றது. அவள் காலை எடுக்கவில்லை.

“இன்னாவோ சிக்கிகினு கீது மச்சான்,” பூபாலன் ஏசியைப் போட்டுக்கொண்டே சொன்னான். “நல்லா அழுத்தித் தள்ளுங்க.”

ரெஜினா இரண்டு முட்டியையும் சீட்டின் முதுகில் ஊன்றிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவன் மறுபடியும் தள்ளினான்.