நாயனம் வாசித்தவர்

நாயனக்காரருக்குச் சால்வை போர்த்த வேண்டுமாம். மாடிப்படி ஏறி வந்த வசந்த் முதலில் சொன்னது அதைத்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. காஞ்சிபுரத்தில் ராமலிங்கம் திறக்கப்போகிற புதுப் பட்டுக்கடைக்கு விளம்பரப் படம் எடுத்தவன் அவன். அதற்கு இசை போட்டவள் சந்தியா. ராமலிங்கத்துக்குப் படம் பிடித்திருந்தது. நாயனம் அதைவிடப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை திறப்பு விழாவில் வாசித்தவரை மேடைக்கு அழைத்து மரியாதை செய்யப்போகிறார். பெயர் தெரியாததால் அழைப்பிதழில் ‘நாதஸ்வரக் கலைஞருக்குச் சிறப்பு’ என்று மட்டும் அச்சடித்துவிட்டார்கள்.

சந்தியா தட்டில் இருந்த கடைசி இட்லியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அப்படி ஒரு கலைஞர் கிடையாது. ஐயம்பேட்டையில் இந்தச் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே ஒரு பழைய லேப்டாப், ஒரு சின்ன கீபோர்டு, ஒரு மைக், ஒரு ஹெட்போன். கச்சேரி செட் மொத்தமே அவ்வளவுதான்.

அவள் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவள். அப்புறம் போன் கம்பெனியில் இரண்டு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்து அதையும் விட்டவள். வீட்டில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இந்த ஒரு வேலையை மட்டும் அவள் விடவில்லை. கம்ப்யூட்டருக்குள் இருந்த நாதஸ்வரச் சத்தத்தைக் கீபோர்டில் முதல் தடவை அழுத்தியபோது அரசு பஸ் ஹாரன்போல அலறியது. எல்லோரும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சத்தம் சரியில்லை என்று இதைவிட நல்ல சத்தத்தைத் தேடி அலைகிறார்கள். அவளும் ஒரு மாதம் அலைந்தாள். பிறகுதான் புரிந்தது, கோளாறு சத்தத்தில் இல்லை. கீபோர்டு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியேறிப் போகிறது. நாயனம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆகவே ஒவ்வொரு சுரத்தின் பாதையையும் மவுஸால் கோடாக வரைந்தாள். கொஞ்சம் கீழே தொடங்கி, ஏறி, ஆடி, நிற்கும்படி. மெதுவாக ஊதுவது வேறு, தூரத்தில் நின்று சத்தமாக ஊதுவது வேறு என்று கண்டுபிடித்து, சத்தம் குறையும் இடத்தில் கூர்மையையும் சேர்த்துக் குறைத்தாள். நீள வரிகளுக்கு நடுவில் ஆள் மூச்சு வாங்க வேண்டும். பிளம்பர் விட்டுப்போன பைப் துண்டை வாயில் வைத்துத் தன் மூச்சையே பதிவு செய்து சேர்த்தாள். கடைசியாக, மூன்றாவது வரியில் உச்சிக்குப் போகும்போது சுரம் ஒரு மயிரிழை எட்டாமல் தடுமாறி, தேடிப் பிடிக்கும்படி செய்தாள். அந்த அரை நொடிக்கு நான்கு நாள் ஆனது. அதிகமானால் அபசுரம். குறைந்தால் யாருக்கும் கேட்காது.

ராமலிங்கம் சரியாக அந்த இடத்தில்தான் விழுந்திருந்தார். முப்பது வருடமாகப் புடவையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்து வாங்குகிறவர். கைத்தறி என்றால் எங்கேயாவது ஒரு இழை விலகியிருக்கும், மெஷினில் விலகாது என்பது அவர் கணக்கு. அதே கணக்கைக் காதிலும் போட்டுவிட்டார். அவர் பேசியதை வசந்த் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினான்.

“மேல போறப்ப ஒரு எடத்துல தடுமாறிப் புடிக்கிறாரு பாருப்பா. அது மெஷின்ல வராது. பெரிய கை.”

சந்தியா விழுந்து விழுந்து சிரித்தாள். வசந்த் சிரிக்கவில்லை. திறப்பு விழாவுக்குத் திருமுக்கூடலில் இருந்து கலியன் என்பவரின் நாயன செட் வருகிறது. அவரிடம் பேசிச் சால்வையை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்றான்.

“யாருக்குத் தெரியப்போவுது? வாங்கிக்கினு அவரு போயிடுவாரு. உண்மைய சொன்னா ராமலிங்கத்தோட மத்த மூணு கடை விளம்பர வேலையும் போயிடும்.”

“நாலு நாளு ஒக்காந்தது நானு. பேரு அவருக்காடா?”

அவள் உண்மைக்காக உயிரை விடுகிறவள் இல்லை. கம்பெனியில் சூப்பர்வைசரிடம் தினம் ஒரு பொய் சொன்னவள்தான். ஆனால் ஒழுங்காக முடித்த ஒரே வேலை இது. அதை இன்னொருவர் தோளில் போர்த்தி அனுப்ப அவளால் முடியாது.

மறுநாள் காலை லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ராமலிங்கத்தின் பழைய கடைக்குப் போனாள். ராமலிங்கம் வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வித்வானை அழைத்து வரவில்லையா என்று கேட்டார். அவள் நின்றபடியே சொன்னாள். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

“பாலியஸ்டர பட்டுன்னு வித்துட்டியேமா.”

“பட்டுன்னு நான் சொல்லவே இல்ல சார். நல்லா இருக்குதுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

புடவை மடித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களின் கைகளும் நின்றன. அவள் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள். வரைந்த கோட்டை அழித்துவிட்டு அந்த வரியைப் போட்டாள். சுரம் குச்சிபோல நேராகப் போனது. கோட்டைத் திரும்ப வைத்தாள். தடுமாறிப் பிடித்தது. அவர் ஹெட்போனைக் கழற்றினார், தானாகவே திரும்ப மாட்டிக்கொண்டார், இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினார். மூச்சு யாருடையது என்று கேட்டார். தன்னுடையது என்றாள். இந்த உடம்பில் அவ்வளவு மூச்சு எங்கே இருக்கிறது என்பதுபோல அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“தப்ப வேணும்னே போட்டியா?”

“ஆமா சார்.”

“அப்போ நான் இன்னாத்தப் பாத்து வாங்கறது?”

அதை அவர் அவளிடம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மரியாதை செய்யவா, நான்கு பேர் நடுவில் மானத்தை வாங்கவா என்று தெரியவில்லை. வசந்த் அன்று முழுக்க போனில் திட்டினான். கலியனிடம் எதுவும் பேசக் கூடாது என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கடை வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. கலியனின் செட் வாசித்து முடித்ததும் பெரிய திரையில் விளம்பரம் ஓடியது. தன் சத்தத்தை அவள் வெட்டவெளியில் கேட்பது அதுதான் முதல் தடவை. ஸ்பீக்கர்காரன் பேஸை ஏற்றி வைத்திருந்தான். அதைத் தாங்கிக்கொண்டும் நாயனம் நின்றது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த கலியன், மூன்றாவது வரி வந்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். வாசிப்பது யார் என்று தவில்காரரிடம் குனிந்து கேட்டார். தவில்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

ராமலிங்கம் மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். கையில் காகிதம் இல்லை. சால்வையை விரித்து இரண்டு கையிலும் பிடித்திருந்தார். கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். அவள்மேல் கண் நின்றதா என்று சொல்ல முடியாது.

“இதுக்கு நாயனம் வாசிச்சவங்க மேடைக்கு வரணும்.”

பெயர் சொல்லவில்லை. எல்லாத் தலைகளும் கலியன் பக்கம் திரும்பின. அவர் நான் இல்லை என்று கையை ஆட்டினார். சந்தியா எழுந்தாள். வரிசையில் இருந்தவர்கள், பாதியில் கிளம்புகிற யாரோ என்று நினைத்து முழங்காலை ஒதுக்கி வழி விட்டார்கள். அவள் நடுப்பாதையில் நேராக நடந்தாள். கலியன் எழுந்து நின்று, அவள் தலைக்கு மேலாக எட்டி, கூட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் அந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.