குத்திய ஓட்டையும் துளைத்த ஓட்டையும்

பிடரியில் தொடங்கிய வலி தோள்பட்டை வரை இறங்கியிருந்தது. காரின் தரையில் மல்லாந்து, தலையைப் பெடல்களுக்கு நடுவே நுழைத்து, கால்களைச் சீட்டின் மேல் மடக்கிப் போட்டுக் கிடந்தாள். ஐம்பத்தாறு வயது உடம்பு இப்படி மடங்கக் கூடாது. ஆனால் டேஷ்போர்டுக்கு அடியில் நுழைய அந்தப் பட்டறையில் வேறு உடம்பு இல்லை. மேஸ்திரியின் தொந்தி ஸ்டியரிங்கிலேயே இடிக்கும்.

"என்ன எலி, தூங்கிட்டியா?" பக்கத்து சீட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்த மேஸ்திரி கேட்டார். அவள் புருஷன்.

"ஆமா. மெத்தை விரிச்சு வச்சிருக்கீங்கல்ல."

வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற வேன்காரர் சிரித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் சொந்த வேன் அவருடையது. அதைக் கொடுத்துவிட்டு இந்தப் பழைய காரை வாங்கிக்கொள்ளப் பேசி வைத்திருந்தார். இந்த மாடலில் ஸ்பீடாமீட்டர் டேஷ்போர்டின் நடுவில் இருந்தது முதல் வருடத்து வண்டிகளுக்கு மட்டும்தான். மறு வருடமே அதை ஸ்டியரிங்குக்கு நேராக மாற்றிவிட்டார்கள். முதல் வருடத்து வண்டி என்றால் படப்பிடிப்புக்காரர்கள் வாடகைக்குத் தேடி வருவார்கள். இல்லையென்றால் ஓடுகிற தகரம், அவ்வளவுதான். இதில் நடுவில்தான் இருந்தது; அது கம்பெனி வைத்ததுதானா என்று பார்க்கவே கொண்டுவந்திருந்தார்.

முப்பத்தொரு வருடமாக வேலை இப்படித்தான். அவள் அடியில் போய்த் தடவிப் பார்த்து உள்ளதைச் சொல்வாள். அவர் அதை வாய்விட்டு ஒருமுறை திருப்பிச் சொல்லி, நோட்டில் எழுதி, கடைசியில் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. வந்தவர் முன்னால் இரண்டு வாய் பேசினால் பட்டறைக்கு மரியாதை போய்விடும் என்பது அவர் எண்ணம். அவளும் சண்டைக்குப் போனதில்லை. பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவார் என்று ஊர் அவரைப் புகழும். உள்ளதைக் கண்டு சொன்னது யார் என்று அவர்கள் இரண்டு பேருக்குத் தெரியும். அது போதுமாக இருந்தது.

"பின்பக்கம் சாம்பல் பெயிண்ட்டு," என்றாள்.

"சாம்பல் பெயிண்ட்டு."

"டப்பா மூடிக் கீல் பழசு."

"கீல் பழசு."

விரல்கள் நடுவே வந்தன. கம்பெனியில் அச்சு வைத்துக் குத்திய ஓட்டைக்கு விளிம்பு மழுங்கி உள்ளே மடிந்திருக்கும். துளைத்துப் பெரிதாக்கிய ஓட்டையில் பிசிறு நிற்கும். அவள் விரலைப் பிசிறு கீறியது. கையை ஸ்டியரிங் பக்கம் நகர்த்தினாள். அங்கே தட்டு அளவுக்கு ஒரு வட்டம், சுற்றிலும் வெல்டிங் தழும்பு. முன்பக்கம் புட்டி போட்டு இழைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நல்ல வேலைக்காரன்தான் செய்திருந்தான்.

எப்போதும்போல், வந்தவர் காதில் விழாத குரலில் சொன்னாள். "நடு ஓட்டை குத்தினது இல்ல, துளைச்சது. ஸ்டியரிங் பக்கம் இருந்ததை வெல்டு வச்சு அடைச்சிருக்கு."

மேலே இருந்து திருப்பிச் சொல்லும் குரல் வரவில்லை.

"என்னண்ணே, சொல்லுங்க," என்றார் வேன்காரர்.

"ஒரிஜினல்தான்," என்றார் மேஸ்திரி. குரலில் காற்று மட்டும்தான் இருந்தது.

அப்போதே வெளியே வந்து மறுத்திருக்கலாம். சாயங்காலம் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், அவரே போன் போட்டு மாற்றிச் சொல்லட்டும் என்று நினைத்தாள். கழற்றிய மூன்று ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாக முடுக்கினாள். மூன்றாவதை முடுக்கும்போது நோட்டு நழுவி அவள் வயிற்றின் மேல் விழுந்தது.

மறுநாள் பகல் கூடத்தில் நாற்காலிகள் போதவில்லை. பெட்டியில் படுத்திருந்த மேஸ்திரிக்கு மகன் சட்டைக் காலரைச் சரிசெய்து, மறுபடி சரிசெய்தான். வேன்காரர் வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "கடைசியாப் பேசினது என் வண்டியைப் பத்திதாங்க. ஒரிஜினல்தான்னார். அதோட முடிஞ்சுது. அப்படி ஒரு வாக்கு யாருக்குக் கெடைக்கும்?"

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். மகனுக்குக் கண் கலங்கியது.

"அப்பா சொன்னது தப்புடா," என்றாள் அவள், அவன் காதோரம். "அந்த டேஷ்போர்டு மாத்தினது."

அவன் சுற்றிப் பார்த்தான். "இப்ப வேணாம்மா. அவரை அனுப்பி வச்சிட்டுப் பேசிக்கலாம்."

"நேத்தும் இதைத்தான் நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

தெருவில் வேன்காரர், பெட்டி வைக்க இடம் வேண்டும் என்று, வேனின் பின்சீட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமல் அவராகவே கொண்டுவந்த வேன்.

"தம்பி."

"சொல்லுங்கக்கா. வெயில்ல ஏன் வந்தீங்க?"

"அந்த டேஷ்போர்டு ஒரிஜினல் இல்ல."

அவர் கையில் ஸ்பேனர் நின்றது. "அண்ணன் சொன்னாரே."

"நான் சொன்னது அவர் காதுல விழல. விழுந்திருந்தா திருப்பிச் சொல்லியிருப்பார். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

வேன்காரர் போல்ட்டை மேலும் இரண்டு சுற்றுச் சுற்றினார். கையில் வந்ததும் அதைப் பார்த்தார்.

"காலையில ஏழு மணிக்கே கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா. வேன் இப்ப கார்க்காரங்களுது. அண்ணனைக் கொண்டுபோகணும்னு ஒருநாளைக்குக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஆறு மணிக்கு விட்டுடணும்."

"நான் வரேன். நடந்ததைச் சொல்றேன். திருப்பிக் கேப்போம்."

"உள்ளது உள்ளபடின்னு எழுதியிருக்கு. அவங்க ஒரிஜினல்னு எதுவும் சொல்லலக்கா. அண்ணன் பாத்தாப் போதும்னு நான்தான் சொன்னேன்."

வீட்டுக்குள் யாரோ இருமினார்கள்.

"அந்தப் பக்கம் பிடிங்க," என்றார் அவர். "இன்னும் ஒரு சீட்டு எடுத்தாத்தான் பெட்டி உள்ள போகும்."

இருவருமாகத் தூக்கி இறக்கினார்கள். சீட்டு இருந்த இடத்தில் தூசிக்கு நடுவே நீல நிறத்தில் சின்ன தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது. வேன்காரர் அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"ரெண்டாம் வகுப்புப் பாப்பாவோடது. ஒரு வாரமாத் தேடிக்கிட்டு இருந்துச்சு. நாளைக்குக் குடுக்கணும்."

சொன்ன பிறகுதான் நாளை என்ன என்பது அவருக்கு உறைத்ததுபோல் இருந்தது. பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மூன்றரை மணிக்குப் பெட்டியை ஏற்றினார்கள். அவள் முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடக்கம் முடிந்து திரும்பினார்கள். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வேன் கைமாறியது. மேஸ்திரி வீடு வேன்காரருக்கு ஒரு வேன் கடன்பட்டிருந்தது.