அர்லிஸின் ஏப்ரன் பையில் ஒரு ரிமோட்

போன வசந்தத்தில் வெர்லின் டோஸ்ட்ரூட் தன் கராஜில் தலை சுற்றி விழுந்தார். பக்கத்திலேயே மேஜை ரம்பம் சுற்றிக்கொண்டிருந்தது. மரம் அறுபடாமல் சத்தம் ஒரே மாதிரி கேட்கிறதே என்று மனைவி அர்லிஸ் எட்டிப் பார்த்ததால் பிழைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். ரம்பத்தை நிறுத்தும் ரிமோட் தன் ஏப்ரன் பையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ரம்பத்தை விற்றுவிட வேண்டும்.

தன் வாய்க்குத் தானே பூட்டுச் செய்யச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட அவருக்கு மனமில்லை. சொந்த கராஜில் அடுத்தவனை ஒயர் இழுக்க விட்டால் மினசோட்டாவில் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். அவரே சுவரில் பெட்டி அடித்தார், கரண்டைத் தொடுத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் சுவிட்சைப் பொருத்தினார், ரம்பத்துக்குக் கரண்ட் கொண்டுபோகும் இரண்டு கம்பிகளையும் அதன் வழியாக விட்டார்.

"ஒண்ணை நிறுத்தினா போதாதா?" என்றாள் அர்லிஸ்.

"மோட்டார் நின்னுடும். இன்னொரு கம்பி உயிரோட இருக்கும். அதைத் தொட்டா நான் நின்னுடுவேன்."

"அப்ப ரெண்டையும் போடு. நீ போயிட்டா நான் அடுப்புல சுடற ஹாட்டிஷை யார் திங்கறது?"

ரிமோட்டில் நிறுத்தச் சிவப்புப் பொத்தான், ஓட்டப் பச்சைப் பொத்தான். சண்டையெல்லாம் சிவப்பைப் பற்றியே இருந்ததால் பச்சையை அவர் யோசிக்கவே இல்லை.

முதலில் அவள் அதைத் தொடவில்லை. பிறகு சர்ச் பெண்கள் காபிக்கு வந்தால் சிவப்பு, மகள் போன் செய்தால் சிவப்பு என்று ஆகிவிட்டது. ஜனவரியில் ஒரு நாள் செர்ரிப் பலகையைப் பாதி அறுத்திருந்தபோது ரம்பம் நின்றது.

"சாப்பாடு ஆறிப்போகுது, வெர்லின்!"

"மரத்துக்குள்ள பிளேடு மாட்டி நிக்குது! நாய்க்கு விசில் அடிக்கிறியா நீ?"

"நாயா இருந்தா முதல் தடவையே வந்திருக்கும்."

"உனக்கு விளையாட்டாப் போச்சு."

"நீ தரையில கிடந்தியே, அன்னைக்கு நான் விளையாடல." கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

வெர்லின் கோபத்தில் ரம்பத்தின் சுவிட்சை அணைக்காமலே விட்டார். தொழிற்சாலையில் வேலை பார்த்த பழக்கத்தில் பிளக்கை மட்டும் கை தானாகப் பிடுங்கிப் போட்டது. பலகையை விடுவிக்கப் பிளேடைப் பிடித்து அசைத்தார். சுவர்ப் பெட்டிக்குள் கான்டாக்டர் 'தடக்' என்று மறுபடி ஒட்டிக்கொண்டது.

"பச்சையைப் போட்டுட்டேன்!" அடுக்களையிலிருந்து அவள் குரல் கொஞ்சியது. "முடிச்சிட்டே வா, நான் காத்திருக்கேன்."

அவர் தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தார். அது சுவரில் இருந்திருந்தால் கை போயிருக்கும். சமாதானத்துக்காக அமுக்கிய பொத்தான் இது. சொன்னால் அவள் தாங்க மாட்டாள். பச்சையை நாளைக்கே அறுத்துவிடலாம்தான். ஆனால் ஆயுசு முழுக்க மெஷினோடு பழகியவன் பச்சையின் ஆபத்தை யோசிக்கவே மறந்தானென்றால், அந்தத் தலை அடுத்து எதை மறக்கும்? அவருக்கு அவர்மேலேயே பயம் வந்தது.

"சத்தமே கேக்கலையே?" என்றாள் அவள், சாப்பாட்டு மேஜையில்.

"வித்துடலாம், அர்லிஸ். இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது."

அவள் முகமெல்லாம் சிரிப்பாக அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாப்பாடு வைத்தாள்.

"இப்பவாவது புத்தி வந்துச்சே. ஏன் கையைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கே?"

"குளிரு."

"நல்லவேளை, பிடிவாதமா அந்த ரிமோட்டை வைக்கச் சொன்னேன்," என்றாள்.

"ஆமா," என்றார் வெர்லின்.